சாதனைப் பட்டியலில் இடம்பெறாத ஒரு சாதனை: காது கேளாத மாணவர்களும் அவர்கள் காத்த மொழியும்

(நீண்ட பதிவு. ஆய்வுக்காகத் திரட்டிய குறிப்புகளிலிருந்து எழுதியது. நேரமிருக்கும்போது வாசியுங்கள்.)

சில மாதங்களுக்கு முன் செம்பூரில் காது கேளாத குழந்தைகள் பயிலும் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்குச் சென்றிருந்தேன். வழக்கம்போல் ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. ஓவியப் போட்டிகளில் பெற்ற பரிசுகள், தடகளப் பதக்கங்கள், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, தையல் பயிற்சி, கணினிப் பயிற்சி எனப் பட்டியல் நீண்டது. அதன் பின் ஒன்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி ஒலிவாங்கியின் முன் நிறுத்தப்பட்டாள். தன் பெயர், வகுப்பு, ஊர், எதிர்கால விருப்பம் ஆகியவற்றை மராத்தியில் நான்கு வாக்கியங்களாகச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் தொண்டை நரம்பு புடைத்தது. அவள் முடித்ததும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் சில தாய்மார்கள் கண்களைத் துடைத்துக்கொண்டனர்.

மேடையிலிருந்து இறங்கிய சிறுமி நேராகத் தோழியரிடம் ஓடினாள். வெளிச்சம் அதிகம் படாத அந்த ஓரத்தில் அவள் கைகள் பேசத் தொடங்கின. ஒலிவாங்கி தன் உயரத்துக்கு எட்டாதது, அதைத் தாழ்த்த வந்தவர் கம்பியில் தடுக்கியது, சிறப்பு விருந்தினரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது என ஒன்று விடாமல் சொன்னாள். கேட்டவர்கள் குறுக்கிட்டனர், மறுத்தனர், சிரித்தனர். மேடையில் நான்கு வாக்கியங்களுக்குச் செலவான நேரத்தில் இங்கே ஒரு முழுக்கதை சொல்லி முடிக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்தவர்கள் மிகச் சிலர். அதற்குக் கைதட்டியவர் எவரும் இல்லை.

மொழியியல் பயின்ற எனக்கு அன்று எழுந்த கேள்வி எளியது. இவ்விரண்டில் எது சாதனை? அந்தக் கேள்வியின் வரலாற்றைத்தான் இப்பதிவில் சொல்ல முயல்கிறேன். இந்தியாவில் காது கேளாதோர் பள்ளிகளுக்கு ஏறத்தாழ 140 ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் மாணவர்கள் கூட்டாகச் செய்த மிகப் பெரிய செயல், வகுப்பறை ஏற்காத ஒரு மொழியை விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும் வளர்த்து அடுத்த தலைமுறைக்குக் கையளித்ததே என்பது என் கருத்து. ஆண்டறிக்கைகளில் நாம் தேடிக் காண முடியாததும் அதுவே.

வரலாறு பம்பாயில் தொடங்குகிறது; ஆனால் அதற்குச் சற்று முன் மிலான் நகரில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸில் அபே டி லெப்பே என்னும் பாதிரியார் காது கேளாத மாணவர்களுக்குச் சைகைகளின் வழியே கற்பித்தார். அம்மரபு அமெரிக்காவுக்கும் பரவி, 1864-இல் வாஷிங்டனில் காது கேளாதோருக்கான உயர்கல்வி நிறுவனம் உருவாகும் அளவுக்கு வளர்ந்தது. இன்று அது கல்லாடெட் பல்கலைக்கழகம். இதற்கு எதிரான மரபு, சைகையை விலக்கிப் பேச்சையும் உதட்டசைவு வாசிப்பையும் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்றது. 1880 செப்டம்பரில் மிலானில் கூடிய பன்னாட்டு மாநாடு இந்த இரண்டாம் மரபின் பக்கம் தீர்ப்பளித்தது. பேராளர்கள் 164 பேர். அவர்களுள் காது கேளாதவர் ஒரே ஒருவர். பேச்சு சைகையைவிட மேலானது என்னும் தீர்மானம் 160-க்கு 4 என்ற வாக்குகளில் நிறைவேறியது. தீர்மானத்தின் விளைவு உடனடியானது. ஐரோப்பியப் பள்ளிகளில் சைகை வகுப்பறையிலிருந்து வெளியேற்றப்பட்டது. காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தனர். தாங்களே கேட்காத ஒலியை அவர்கள் எப்படிக் கற்பிப்பார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம்.

அந்த மாநாட்டுக்குச் சில ஆண்டுகள் கழித்து, 1880-களின் நடுவில், பம்பாயின் கத்தோலிக்க ஆயர் லியோ மியூரின் முயற்சியால் இந்தியாவின் முதல் காது கேளாதோர் பள்ளி தோன்றியது. மஸ்காவ் பகுதியில் வளர்ந்த அப்பள்ளிக்கு முதல் தலைமையாசிரியராக டி.ஏ. வால்ஷ் பொறுப்பேற்றார். கல்விமுறை, காலத்தின் வழக்கப்படி, பேச்சுவழி முறை. 1893-இல் கல்கத்தாவில் ஒரு பள்ளி தொடங்கியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஜாமினிநாத் பானர்ஜி பயிற்சிக்காகக் கடல் கடந்து சென்று திரும்பினார். சென்னை மாகாணத்திலும் அதே பத்தாண்டில் முயற்சிகள் தொடங்கின. இப்பள்ளிகளைத் தொடங்கியவர்களின் நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. அதுவரை கல்வியே கிடையாது என்று கைவிடப்பட்ட குழந்தைகளை அவர்கள் வகுப்பறைக்குக் கொண்டுவந்தனர். ஆனால் மிலான் தீர்ப்பும் அவர்களோடு கப்பலேறி வந்தது. பள்ளி எதைச் சாதனை என்று கருதியதோ அதையே கொடையாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் காட்ட வேண்டியிருந்தது. பேசாத குழந்தை பேசுவதைவிடக் கண்கூடான சான்று வேறென்ன இருக்க முடியும்? செம்பூர் மேடையின் ஒலிவாங்கி அந்தத் தர்க்கத்தின் தொடர்ச்சியே.

பேச்சுவழி முறை ஏன் பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதவில்லை என்பதைத் தமிழிலேயே சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று, ஒலி எழுப்பாமல், ‘பாலை’ என்று சொல்லுங்கள். பிறகு ‘மாலை’ என்று சொல்லுங்கள். உதடுகள் இரண்டுக்கும் ஒன்றுபோலவே மூடித் திறக்கும். மூக்கின் வழியே காற்று செல்வதை உதடு காட்டாது. ‘காகம்’ என்று சொன்னால் ககரம் உள்நாவில் பிறந்து அங்கேயே மறைந்துவிடும். ல, ள, ழ மூன்றையும் கேட்டுப் பழகிய நமக்கே குழப்பம் உண்டு. பார்த்து மட்டும் அறிய வேண்டிய குழந்தையின் நிலை என்ன? உதட்டசைவு வாசிப்பு என்பது ஒரு மொழியை ஏற்கெனவே அறிந்தவர், இடைவெளிகளை ஊகத்தால் நிரப்பும் திறன். மொழியே இன்னும் வாய்க்காத குழந்தை எதைக்கொண்டு நிரப்பும்? ஒரு சொல்லின் ஒலிப்பைத் திருத்துவதில் வாரங்கள் கழியும்போது, கணக்கும் வரலாறும் அறிவியலும் கற்க வேண்டிய ஆண்டுகள் கரைந்தன.

இங்கே குறுந்தொகையின் 58-ஆம் பாடலை நினைத்துக்கொள்கிறேன். வெயில் காயும் பாறையில் உருகும் வெண்ணெயைக் கண்ணால் மட்டும் காவல் காக்கும் ஓர் ஊமனை வெள்ளிவீதியார் அதில் காட்டுகிறார். அவ்வூமனுக்குக் கைகளும் இல்லை. காதல் நோயின் கையறு நிலைக்கு உவமை என்று வகுப்பில் படித்திருக்கிறோம். கை இல்லாததால் வெண்ணெயை எடுத்து அப்பால் வைக்க முடியாது என்பது வழக்கமான உரை, அது சரியே. அதனோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. வாய் பேசாதவன் என்பது மட்டும் முழுமையான இயலாமையாகப் புலவருக்குப் படவில்லை. கை இருந்தால் அவன் யாரையாவது சைகையால் அழைத்திருப்பான். ஆகவே கையையும் நீக்கினால்தான் உவமை நிறைவுறுகிறது. கை என்பது பேச்சற்றவனின் மொழி என்பதைச் சங்ககாலப் புலவர் அறிந்திருந்தார் என்று இதைக் கொள்ள இடமுண்டு. மும்பையில் நான் சந்தித்த முதிய காது கேளாதோர் சிலர், சிறுவயதில் வகுப்பறையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்காரும்படி பணிக்கப்பட்டதையும் மீறினால் விரல் முட்டியில் அடிவாங்கியதையும் எனக்குக் காட்டினார்கள். பள்ளிகளின் பெயர் இங்கே தேவையில்லை. உலகெங்கும் அக்காலத்தில் அதுவே நடைமுறை. கை உள்ள குழந்தைகளைக் கையில்லாதவர்களாக்கிய நடைமுறை அது.

எல்லா இடங்களிலும் அப்படி நடக்கவில்லை. விதிவிலக்கு நம் திருநெல்வேலிச் சீமையில் இருந்தது. 1890-களின் நடுவில் பிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்னும் ஆங்கிலேய மறைப்பணியாளர் பாளையங்கோட்டையில் காது கேளாத குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அவர் பெயரால் அப்பள்ளி இன்றும் இயங்குகிறது. பம்பாயும் கல்கத்தாவும் பேச்சுவழி முறையைப் பற்றி நின்றபோது ஸ்வெய்ன்சன் சைகைகளைப் பயன்படுத்தினார். 1906-ஆம் ஆண்டின் மறைப்பணிக் குறிப்பு ஒன்று மிக முக்கியமானது. சென்னை மாகாணக் குழந்தைகள் தமிழ் கற்றனர். பிற பகுதிகளிலிருந்து வந்தவர்கள் ஆங்கிலம் கற்றனர். ஆயினும் வழிபாடு பெரும்பாலும் சைகை மொழியிலேயே நடந்தது. ஏனெனில் அதில் அனைவரும் ஒன்றாகக் கலந்துகொள்ள முடிந்தது. இதன் பொருளைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். எழுதும் மொழியால் பிரிந்திருந்த குழந்தைகளை ஒரே அவையாக்கும் ஆற்றல் கொண்ட பொதுமொழி ஒன்று 1906-இலேயே பாளையங்கோட்டையில் இருந்தது. அந்த மொழியை யாரும் பாடத்திட்டமாக எழுதி அவர்களிடம் கொடுத்ததில்லை.

வகுப்பறை தடுத்த இடங்களில் என்ன ஆயிற்று? அதற்கும் சான்று உண்டு. 1928-இல் பானர்ஜி என்னும் ஆய்வாளர் கல்கத்தா, டாக்கா, பாரிசால் ஆகிய மூன்று ஊர்களின் பள்ளிகளுக்குச் சென்று மாணவர்களின் சைகைகளைத் திரட்டினார். இப்பகுதியின் சைகை மொழி குறித்த முதல் ஆய்வு அதுவே எனலாம். மூன்று பள்ளிகளிலும் ஆசிரியர்கள் சைகையை ஊக்குவிக்கவில்லை, எதிர்த்தனர். எதிர்ப்பையும் மீறி அது தழைத்திருந்தது என்று அவர் பதிவு செய்தார். பேச்சுவழிப் பள்ளி தன்னை அறியாமலே சைகை மொழியின் நாற்றங்காலாக இருந்தது.

இது எப்படி நேர்ந்தது என்பதை மொழியியல் விளக்குகிறது. காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். பிற மொழிகள் தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்கின்றன. சைகை மொழி பெரும்பாலும் மூத்த மாணவரிடமிருந்து இளைய மாணவருக்குச் செல்கிறது. ஆறு வயதுக் குழந்தை வீட்டில் உருவான சில சைகைகளோடு விடுதிக்கு வருகிறது. பன்னிரண்டு வயதுக்காரர்கள் அதற்கு ஒரு முழு மொழியைக் கொடுக்கிறார்கள். அந்தக் குழந்தை தானும் சிலவற்றைச் சேர்த்து, ஆறாண்டுகளுக்குப் பின் வரும் குழந்தைக்குக் கொடுக்கிறது. விடுதியின் இரவு, உணவுக்கூடத்தின் வரிசை, கால்பந்துத் திடலின் ஓரம் ஆகியவையே அம்மொழியின் பள்ளிக்கூடம். நிகரகுவாவின் மனாகுவா நகரில் 1970-களின் இறுதியில் காது கேளாத குழந்தைகள் முதன்முறையாகப் பெருந்தொகையில் ஒரே பள்ளியில் சேர்க்கப்பட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. ஆசிரியர்கள் ஸ்பானியப் பேச்சைக் கற்பிக்க முயன்றனர். குழந்தைகளோ விளையாட்டிடத்திலும் பேருந்திலும் புதிய மொழி ஒன்றையே உருவாக்கினர். 1980-களில் ஜூடி கெகல் முதலிய மொழியியலாளர்கள் சென்று பார்த்தபோது, இளைய குழந்தைகளின் கைகளில் இலக்கணம் மேலும் நுணுகியிருந்தது. அங்கே ஆய்வாளர்கள் கண்முன் நடந்தது, இங்கே எவரும் பாராமல் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே நடந்திருக்கிறது.

சைகை என்பது பேச்சுமொழியின் கைப்பதிப்பு அன்று என்பதை இன்னும் விளக்க வேண்டியிருக்கிறது. 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்க சைகை மொழியின் உள்ளமைப்பைப் பகுத்துக் காட்டிய பிறகே மொழியியல் துறை இதை ஏற்கத் தொடங்கியது. இந்திய சைகை மொழிக்கு இந்தியின் இலக்கணமும் இல்லை, தமிழின் இலக்கணமும் இல்லை. வினாச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும். உடன்பிறப்பைக் குறிக்கும் சைகைக்கு முன் ஆண் அல்லது பெண் சைகையைச் சேர்த்துச் சகோதரன், சகோதரி என்பர். புருவமும் தலையசைவும் இலக்கணப் பணி செய்யும். 1977-78-இல், இளமையில் கேட்கும் திறனை இழந்து கல்லாடெட்டில் பயின்ற மதன் வசிஷ்டாவும் அமெரிக்க மொழியியலாளர் ஜேம்ஸ் உட்வர்டும் குழுவினரும் தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நான்கு நகரங்களில் சைகைகளைத் திரட்டி ஒப்பிட்டனர். வட்டார வேறுபாடுகள் இருந்தும், இவை இம்மண்ணில் தோன்றி வளர்ந்த, தம்முள் நெருங்கிய உறவுடைய வடிவங்கள் என்பது அவர்களின் முடிவு. தில்லியை மையமாகக் கொண்ட நூல் 1980-இல் வெளிவந்தது. 2000-இல் உல்ரிக்கே செஷானின் விரிவான இலக்கண ஆய்வு வந்தது.

ஆய்வு நூல்களைப் படிப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்த உண்மையை நான் வீட்டில் பார்த்திருக்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது தாராவியில். தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தமிழர்கள் தாராவிக்கு வரத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். அதாவது மஸ்காவில் பள்ளி தொடங்கிய, பாளையங்கோட்டையில் ஸ்வெய்ன்சன் பணி தொடங்கிய அதே காலத்தில். எங்கள் குடும்பம் வந்தது அதற்கு வெகுகாலம் பின்னர். என் பெரியம்மா பிறவியிலேயே காது கேளாதவர். பாளையங்கோட்டை விடுதியில் மூத்த அக்காமார்களிடம் சைகை கற்றவர். திருமணமாகித் தாராவிக்கு வந்தபோது அவருக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. கேட்கும் திறனுள்ள என் அம்மாவுக்கோ இரண்டையும் தட்டுத் தடுமாறிப் பேசப் பல ஆண்டுகள் ஆயின. பெரியம்மாவுக்கு ஆனது சில வாரங்கள். சயான் ரயில் நிலையத்தில் இரு பெண்கள் கைகளால் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவர்களிடம் போய் நின்றாராம். ஒருவர் குஜராத்தி வீட்டுப் பெண். மற்றவர் கொங்கணி வீட்டுப் பெண். சில சைகைகள் வேறாக இருந்தன. ‘தண்ணீர்’ என்பதற்கு அவர்கள் ஒன்று காட்ட, இவர் வேறொன்று காட்ட, மூவரும் சிரித்தார்களாம். அன்று மாலைக்குள் இவருக்குப் பம்பாயில் தோழியர் இருந்தனர். ‘ஊமை கண்ட கனவு’ என்பது தமிழில் சொல்ல முடியாததைக் குறிக்கும் வழக்கு. பெரியம்மா தம் கனவுகளை விடியற்காலையில் எனக்கு விவரமாகச் சொல்வார், நிறம் உட்பட.

அந்த ரயில் நிலையம் தற்செயலான இடமும் அன்று. பெல்ஜியத்தைச் சேர்ந்தவரும் தாமே காது கேளாதவருமான மானிடவியலாளர் அன்னலீஸ் கஸ்டர்ஸ், மும்பைப் புறநகர் ரயில்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி எவ்வாறு காது கேளாதோரின் சந்திப்பிடமாகியிருக்கிறது என்று 2009-இல் ஆராய்ந்து எழுதினார். வீடுகள் சிதறிக் கிடக்கும் பெருநகரில், நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே பெட்டியில் ஏறுவதே ஒரு சமூகத்தைக் கட்டிக் காக்கிறது. செய்தி பரிமாறுகிறார்கள், வேலை தேடித் தருகிறார்கள், திருமணம் பேசுகிறார்கள், பள்ளி முடித்து வந்த இளைஞருக்கு நகரைக் கற்பிக்கிறார்கள். விடுதி செய்த பணியைப் பள்ளிக்குப் பின் ரயில் பெட்டி ஏற்றுக்கொண்டது. மும்பைக் கடைத்தெருக்களில் காது கேளாதோரும் கேட்போரும் சைகையால் வாணிபம் செய்வதை ‘இஷாரே’ என்னும் ஆவணப்படத்தில் அவர் காட்டியிருக்கிறார்.

அரசின் அங்கீகாரம் மெல்ல வந்தது. 1983-இல் பாந்திராவில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் தொடங்கப்பட்டது. தாராவியிலிருந்து மாகிம் கழிமுகத்தைக் கடந்தால் அந்த இடம். கேள்திறன் சோதனைக்கும் கருவிகளுக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே வந்தன. அதே நிறுவனத்தில் 2001 அளவில் இந்திய சைகை மொழிக்கான முறையான பயிற்சிப் படிப்பு தொடங்கியது. மஸ்காவில் முதல் பள்ளி தோன்றி நூறாண்டுகளுக்கும் மேல் கழிந்த பின், அதே நகரில், மாணவர்கள் வளர்த்த மொழி ஒரு பாடமானது. 2015-இல் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் தில்லியில் நிறுவப்பட்டது. அதன் அகராதி 2018-இல் 3,000 சொற்களோடு வெளிவந்து, 2021-இல் 10,000 சொற்களாக விரிந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குழந்தைக்கு மிகவும் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி அளிக்க வேண்டும் என்றும், சைகை மொழி அறிந்த ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மிலான் தீர்மானத்துக்கு 2010-இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு வருத்தம் தெரிவித்தது. அதற்குள் 130 ஆண்டுகள் கடந்துவிட்டன.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். உட்செவிச் சுருள் கருவி, நல்ல கேட்புக் கருவி, இளம் வயதிலேயே பயிற்சி ஆகியவற்றால் பேச்சு நன்கு வாய்த்த குழந்தைகள் இருக்கிறார்கள். பேச்சு கற்ற பின் கேட்கும் திறனை இழந்தவர்களுக்கு உதட்டசைவு வாசிப்பு பெருந்துணை. குழந்தை ‘அம்மா’ என்று அழைப்பதைக் கேட்க விரும்பும் தாயைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. செம்பூர் மேடையில் நின்ற சிறுமியின் உழைப்பையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்நான்கு வாக்கியங்களுக்குப் பின்னால் பல மாதங்கள் இருக்கும். என் வாதம் பேச்சுக்கு எதிரானது அன்று. பேச்சு வரும்வரை மொழியைத் தள்ளிவைக்கலாம் என்னும் எண்ணத்துக்கு எதிரானது. மொழி கற்கும் பருவம் காத்திருக்காது. பேச்சுப் பயிற்சி தோற்ற பின்னரே சைகைக்கு அனுப்பப்படும் குழந்தை, பத்து வயதில் முதல் மொழியைத் தொடங்குகிறது. வறிய குடும்பங்களின் குழந்தைகளுக்கே இது மிகுதியாக நேர்கிறது. கருவி பழுதானால் மாற்றவும், வாரம் மூன்று முறை பயிற்சிக்கு அழைத்துச் செல்லவும் அவர்களால் இயல்வதில்லை.

மும்பைத் தமிழ்க் குழந்தைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மாடுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் நம்மவர்கள் நூறாண்டாகத் தம் மொழியைக் காக்கச் சங்கங்களும் பள்ளிகளும் நடத்தியிருக்கிறார்கள்; மாநகராட்சியே தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. அவற்றுள் எதுவும் காது கேளாத தமிழ்க் குழந்தையின் மொழியைப் பற்றிப் பெரிதும் எண்ணியதாகத் தெரியவில்லை. அக்குழந்தை வீட்டில் காண்பது தமிழ் உதடுகள். பள்ளியில் மராத்தி அல்லது இந்தி அல்லது ஆங்கில உதடுகள். தெருவில் பம்பாய் இந்தி. தாய்க்கு மராத்தி தெரியாது என்பதால் பள்ளியின் பயிற்சியை வீட்டில் தொடரவும் வழியில்லை. தாய்மொழிவழிக் கல்வி பற்றி இவ்வளவு பேசும் நாம், இக்குழந்தைக்குத் தாய்மொழி எது என்று கேட்டதுண்டா? ஐயமின்றி எட்டக்கூடிய ஒரே மொழி அதன் கண்ணுக்கு முன் கைகளில் இருக்கிறது. அதைக் குழந்தையோடு சேர்ந்து தாயும் கற்றால், தமிழ் எழுத்தை அந்த மொழியின் வழியே கற்பிக்க முடியும். தமிழை விட்டுக்கொடுப்பதாகாது அது; தமிழுக்குள் வர ஒரு வாசல் திறப்பது.

சாதனை என்ற சொல்லுக்குத் திரும்புகிறேன். 2022 மே மாதம் பிரேசிலின் கஷியாஸ் டோ சுல் நகரில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் மதுரை மாணவி ஜெர்லின் அனிகா இறகுப்பந்தில் மூன்று தங்கம் வென்றார். அவ்வாண்டே அர்ஜுனா விருது பெற்றார். நாம் அனைவரும் மகிழ்ந்தோம். அப்போட்டியின் வரலாறு 1924-இல் பாரிஸில் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. பாராலிம்பிக் தொடங்குவதற்கு 36 ஆண்டுகள் முன்பே, காது கேளாதோர் தாமே கூடி, தம் மொழியிலேயே பேசி, துப்பாக்கி ஒலிக்கும் ஊதலுக்கும் மாற்றாகக் கண்ணுக்குத் தெரியும் குறிகளைக் கொண்டு நடத்தும் போட்டிகளை உருவாக்கினர். பதக்கம் தனி ஒருவரின் சாதனை. அந்தப் பதக்கம் சாத்தியமாகும் உலகத்தைக் கட்டியது ஒரு மொழிச் சமூகத்தின் சாதனை. முன்னதை ஆண்டறிக்கையில் எழுதுகிறோம். பின்னதை எழுத ஒரு பத்தியேனும் ஒதுக்கலாம்: இவ்வாண்டு எத்தனை மூத்த மாணவர்கள் புதிய குழந்தைகளுக்கு மொழி கற்பித்தனர், எத்தனை காது கேளாத ஆசிரியர்கள் பணியில் உள்ளனர், எத்தனை பெற்றோர் சைகை கற்றனர் என்று.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பாளையங்கோட்டை விடுதியிலும் மும்பைப் பள்ளிகளிலும் பயின்ற முதியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களின் பழைய சைகைகள் பல இன்றைய அகராதியில் இல்லை. தாராவி, மாடுங்கா, செம்பூர், சயான் பகுதிகளில் அத்தகைய தமிழர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்களின் இசைவோடு, அவர்கள் பேசுவதைக் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். அரை மணி நேரம் போதும். எங்கே படித்தார்கள், யாரிடம் சைகை கற்றார்கள், விடுதியில் ஒருவருக்கொருவர் வைத்துக்கொண்ட சைகைப் பெயர்கள் என்னென்ன என்று கேளுங்கள். பதிவை எங்கே சேர்ப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அது அவர்கள் மொழி.

பெரியம்மாவிடம் நானும் இப்போதுதான் கேட்டேன். தம் பழைய தோழியர் பதினொரு பேரின் சைகைப் பெயர்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். கன்னத்துக் குழி, நெற்றித் தழும்பு, இரட்டைப் பின்னல். அவர்களுள் நால்வரின் எழுத்துப் பெயர் அவருக்கு நினைவில்லை. முகம் பதினொன்றும் நினைவிருந்தது.